வடகடல் மாந்தர் – 11: விருந்துப் பாத்திரங்கள்

அலாஸ்காவின் தென்கிழக்கு ஓரத்தில், பனிமலைகளுக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் இடையே தீவுகளும் குடாக்களுமாகச் சிதறிக் கிடக்கும் நிலத்தில் வாழும் டிலிங்கிட் மக்களின் மனைகளைப் பற்றியும், அம்மனைகளுக்குள் நின்ற சித்திரத் தூண்களைப் பற்றியும் சென்ற அத்தியாயத்தில் விரிவாகக் கண்டோம். அதே மனைகளில் விருந்து நிகழ்ந்த நாட்களில், அடுப்பைச் சூழ அமர்ந்த அதிதிகளின் முன்னே வைக்கப்பட்ட மரப்பாத்திரங்களின் சரித்திரத்தைத் தனியே எழுதுவதற்குக் காரணம் உண்டு. தூண்களும் திரைகளும் ஒரு குலத்தின் பூர்வீகப் பெருமையைக் கூறுவன. விருந்துப் பாத்திரமோ இரண்டு குலங்களுக்கு நடுவிலே நின்று, ஒன்று மற்றொன்றுக்குப் பட்டிருக்கும் கடனைத் தீர்த்து வைப்பது. இதை மனத்திற் கொள்ளாமல் அப்பாத்திரங்களின் செதுக்கு வேலையை மட்டும் வியந்து நிற்பவர், அவற்றின் பாதியைத்தான் காண்கிறார் என்பது என் துணிபு.

டிலிங்கிட் சமுதாயம் முழுவதும் இரண்டே பெரும் பிரிவுகளுக்குள் அடங்கும். ஒன்று அண்டங்காக்கைப் பிரிவு. மற்றொன்று கழுகுப் பிரிவு, இதனை ஓநாய்ப் பிரிவு என்று சொல்வதும் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் பல குலங்கள். ஒவ்வொரு குலத்திலும் பெயர் சூட்டப்பெற்ற பல மனைகள். பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்வர். பட்டமும் பொதுவுடைமையும் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்கும். தன் பிரிவுக்குள் மணம் செய்வது பெரும் தோஷமாகக் கருதப்பட்டமையால், ஒருவனுடைய தகப்பனும் மனைவியும் மைத்துனரும் எப்போதும் எதிர்ப்பக்கத்தாராகவே இருந்தனர். ஒருவன் இறந்தால் அவனுடைய சொந்தக் குலத்தார் துக்கத்தில் அமர்ந்திருப்பதொழிய அவன் உடலைத் தீண்டிக் கிரியை செய்வதில்லை. உடலைக் கழுவுவதும், ஆடை அணிவிப்பதும், இரவெல்லாம் காத்திருப்பதும், பழங்காலத்தில் சிதை அடுக்கித் தகனம் செய்வதும், பிற்காலத்தில் குழி தோண்டி அடக்குவதும் எதிர்ப்பக்கத்தாரின் கடமை. அந்த உபகாரத்துக்கு ஈடு செய்யாமல் விட்டால் இறந்தவனுக்கும் அமைதியில்லை, இருப்பவருக்கும் மானமில்லை.

அந்த ஈட்டைச் செய்வதற்கே, ஓராண்டோ அதற்கு மேலோ உணவும் போர்வைகளும் செல்வமும் சேர்த்து, துக்கத்துக்குரிய குலத்தார் எதிர்ப்பக்கத்தாரை அழைத்து நடத்தும் பெருவிருந்து, 'கூஈக்' எனப்படுவது. வெளியார் இதனைப் 'பாட்லாட்ச்' என்ற பொதுப்பெயரால் குறித்து, செல்வத்தை வீணே வாரியிறைக்கும் ஆரவாரம் என்று எழுதிச் சென்றதைப் போலப் பிழைபட்ட கூற்று இக்கரையின் சரித்திரத்தில் வேறில்லை. விருந்தின் முற்பகுதி முழுதும் துக்கம். விருந்தளிக்கும் குலத்தார் தம் முன்னோரின் சோகப் பாடல்களைப் பாடுவர். விருந்தாக வந்தவர்களோ தம் குலச் சின்னங்களை ஏந்தியெழுந்து, அவர்களுடைய கண்ணீரைத் துடைக்கும் வகையில் ஆறுதல் மொழிகளை நிகழ்த்துவர். இவை முடிந்து துக்கம் நீங்கியதென்று உணர்ந்த பின்னரே பாத்திரங்கள் வெளிவரும். சிரிப்பும், ஆட்டமும், உணவும், தானமும் தொடங்கும்.

உணவு வெறும் உணவன்று. இறந்தவன் விரும்பி உண்ட பதார்த்தங்களைத் தேடிச் சமைத்து, அவன் பெயரை உரக்கச் சொல்லி, ஒரு பங்கைத் தீயில் இடுவர். அவ்வாறு தீக்கென ஒதுக்கப்பட்ட பாத்திரத்துக்குத் தனிப் பெயரே உண்டு. தீ உண்ட பங்கு இறந்தோரைச் சேரும் என்பதும், எதிர்ப்பக்கத்தார் உண்ணும் பங்கும் அவர்கள் வழியாக இறந்தோரைச் சேரும் என்பதும் இம்மக்களின் உறுதியான நம்பிக்கை. ஆகவே விருந்தாளியின் வாய் இரண்டு உலகங்களுக்கு நடுவே திறந்த வாயிலாயிற்று. அவன் முன் வைக்கப்படும் பாத்திரம், அலட்சியமாகச் செய்த ஏனமாக இருத்தல் எவ்வாறு தகும்?

அப்பாத்திரங்களில் நிறைந்தவை எவை என்பதையும் சொல்ல வேண்டும். புகையில் உலர்ந்த சால்மன், ஹெம்லாக் மரக்கிளைகளில் ஒட்டிக் கிடைத்த ஹெர்ரிங் மீன் முட்டை, கடல்நாயின் கொழுப்பு, காட்டுப் பழங்கள், நுரைக்க அடித்த சோப்புக்காய்ப் பழம் ஆகியன முக்கியமானவை. ஆயினும் இவை யாவற்றுக்கும் துணையாய், யாவற்றையும் சுவைப்படுத்தி, உலர்ந்த மீனை விழுங்கத் தக்கதாக்கியது எண்ணெயே. கடல்நாயின் கொழுப்பை உருக்கி எடுத்ததும், யூலக்கான் என்னும் சிறு மீனிலிருந்து வடித்ததும் என அது இருவகை. வசந்தத்தில் சில்காட் நதியிலும் வேறு சில நதிகளிலும் கூட்டங்கூட்டமாக ஏறிவரும் யூலக்கான், உலர்த்தித் தீயிட்டால் மெழுகுவர்த்தியாய் எரியுமளவு கொழுப்புடையது. அம்மீனைக் குழிகளில் இட்டுச் சில தினங்கள் பதப்படவிட்டு, பின்னர் நீரில் காய்ச்சி, மேலே மிதக்கும் நெய்யை மொண்டெடுத்தனர். இரும்புப் பாண்டங்கள் வருமுன் தோணியையே கொப்பரையாகக் கொண்டு, நெருப்பிற் காய்ந்த கற்களை அதனுள் இட்டு நீரைக் கொதிக்க வைத்தனர். சில்காட் மக்கள் இந்த எண்ணெயை முதுகிற் சுமந்து, கணவாய்களைக் கடந்து, உள்நாட்டு அதபாஸ்கர்களிடம் கொண்டுசென்று தோலுக்கு மாற்றினர். அவர்கள் செல்வத்துக்கு ஒரு பெருங்காரணம் இவ்வாணிபம். விருந்தில் அதிதியின் முன்னே எண்ணெய் தளும்பத் தளும்ப நிற்பதே அளிப்பவனின் உள்ளப் பெருக்கத்துக்கு அத்தாட்சி.

பாத்திரத்துக்கு மரம் தேர்வதிலிருந்தே தச்சனின் விவேகம் தெரியும். சிவப்புச் சீடர் மரம் வீட்டுக்கும் தோணிக்கும் பெட்டிக்கும் உகந்ததாயினும், உணவுக்குத் தன் வாசனையை ஏற்றிவிடும். ஆதலின் குடைந்தெடுக்கும் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் ஆல்டர் மரத்தையே நாடினர். ஆல்டருக்கு உணவைக் கெடுக்கும் சுவையில்லை. ஈரப்பதம் உள்ளபோதே எளிதில் செதுக்க இடங்கொடுக்கும். வாய்ச்சியால் உருவம் கண்டு, வளைந்த அலகுடைய கத்தியால் உள்ளும் புறமும் மெலித்து முடிப்பர். அந்த வாய்ச்சிகளின் அலகு ஆதியில் கல்லும் ஓடுமாக இருந்தது. ஆயினும் ஐரோப்பியர் வருமுன்பே, கடலில் மிதந்துவந்த உடைகலங்களின் இரும்பை இக்கரையினர் அறிந்திருந்தனர். 1786-இல் லிட்டூயா குடாவில் நங்கூரமிட்ட பிரெஞ்சு மாலுமி லா பெரூஸும், 1791-இல் யாகுடாட் துறைக்கு வந்த ஸ்பானிய தளபதி மாலஸ்பினாவும் கண்ட மக்கள், மரவேலையில் ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள். மாலஸ்பினாவின் பயணத்தின்போது வடமேற்குக் கரையிற் பெற்ற பொருள்கள் இன்றும் மாட்ரிட் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

குடைந்த பாத்திரங்களுக்குள் கடல்நாய் வடிவம் மிகப் பரவியது. தலை ஒரு முனையில் நிமிர்ந்திருக்கும்; பின்துடுப்புகள் மறுமுனையில் உயர்ந்திருக்கும்; நடுவே பருத்த உடலே குழிந்து எண்ணெய்க்கு இடமாகும். கொழுத்த விலங்கின் உடலுக்குள் அதன் கொழுப்பே நிறைந்து நிற்கும் இந்தப் பொருத்தத்தைக் கண்ட கலைஞனை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். பீவர், கரடி, தவளை, காக்கை ஆகிய வடிவங்களும் உண்டு. கைக்குள் அடங்கும் சிறு எண்ணெய்க் கிண்ணம் முதல், பலர் சேர்ந்து தூக்கவேண்டிய தொட்டி வரையில் அளவுகள் வேறுபடும். கிண்ணங்களுக்குத் துணையாக மலையாட்டுக் கொம்பில் செய்த கரிய அகப்பைகள் இருந்தன. அவற்றின் குறுகிய காம்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு உருவங்களை அடுக்கிக் காட்டும் நுண்மையைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதலாம்.

இன்னொரு வகை, வளைத்துச் செய்த பாத்திரம். ஒரே பலகையை எடுத்து, மூன்று இடங்களிற் குறுக்கே பள்ளம் வெட்டி, ஈரமூட்டி ஆவியில் இளக்கி, பனையோலையை மடிப்பதுபோல் அப்பள்ளங்களில் மடித்தால், நான்கு சுவர்கள் எழுந்து நான்காம் மூலையில் சந்திக்கும். அந்த ஒரு மூலையை மட்டும் மரமுளைகளால் இறுக்கியோ, ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரால் தைத்தோ மூடிவிட்டு, அடியில் தனிப்பலகையைப் பொருத்துவர். ஆணியில்லை, பசையில்லை, ஆயினும் எண்ணெய் நிற்கும். பக்கச் சுவர்கள் வெளிப்புறமாகப் புடைத்தும், விளிம்பு ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்தும் அமைந்திருப்பதைக் காணும்போது, அந்த அலையும் விளிம்பை மடிப்பதற்கு முன்பே தட்டையான பலகையில் கணக்கிட்டு வெட்டிய அந்தத் தச்சரின் மனக்கணிதம் நம்மைப் பிரமிக்கச் செய்கிறது.

விளிம்பிலே வெண்ணிறமாய் வரிசையாகப் பதிந்திருப்பவை முத்துகள் அல்ல. கடல் நத்தை ஒன்று தன் கூட்டுக்குள் ஒடுங்கும்போது வாயை அடைத்துக்கொள்ளும் கெட்டியான மூடிகள் அவை. அடுப்பு வெளிச்சமே விளக்காகிய அந்த மனைகளில், எண்ணெயிற் கறுத்த மரத்தின் விளிம்பு அவ்வெண்புள்ளிகளால்தான் புலப்படும். உருவங்களின் கண்களிலும் காதுகளிலும் நீலமும் பசுமையும் கலந்து மின்னும் அபலோன் சிப்பியை வைத்தனர். உள்ளூர்ச் சிப்பியின் நிறம் வெளிறியது. ஆகையால் கலிஃபோர்னியக் கரையிலிருந்து கப்பல் வணிகர் கொண்டுவந்த ஆழ்ந்த நிறமுடைய சிப்பிக்குப் பெருவிலை கொடுத்தனர். கடல் நீர்நாயின் பற்களையும் பதித்ததுண்டு. காலப்போக்கில் எண்ணெய் மரத்தின் உள்ளும் புறமும் ஊறி, பாத்திரம் கரும்பளபளப்பு ஏறிவிடும். நூறாண்டு கழிந்து அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தும், பழைய கிண்ணங்கள் இன்னும் எண்ணெய் கசிகின்றன.

இத்தகைய பாத்திரத்தில் குலச்சின்னம் பொறிக்க வேண்டுமானால், குலத்தார் தம்முள் ஒருவனிடம் அவ்வேலையைக் கொடுப்பதில்லை. எதிர்ப்பக்கத்துக் கைவினைஞனையே அழைத்துச் செய்விப்பர். விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் அவனுக்கு ஊதியம் அளித்து, பாத்திரத்தின் பெயரையும் வரலாற்றையும் சொல்லி, அதனை வெளிக்கொணர்வர். எதிர்ப்பக்கத்தார் சாட்சியாக அமர்ந்து ஏற்றுக்கொண்ட அந்த நாழிகை முதல் அது 'அத்தூவ்' ஆகிறது: குலத்தின் முன்னோர் விலைகொடுத்து, சில வேளைகளில் உயிரையே கொடுத்து ஈட்டிய பொதுவுடைமை. மனைத்தலைவன் அதைக் காப்பவனே அன்றி உடையவன் அல்லன். அதை விற்கும் அதிகாரம் தனியொருவன் எவனுக்கும் இல்லை.

இந்தச் சட்டத்தின் வலிமையையும் அதற்கு நேர்ந்த சோதனையையும் ஒரே மனையின் கதையால் விளக்க விரும்புகிறேன். சில்காட் நதிக்கரையில், ஹெய்ன்ஸ் நகருக்கு வடக்கே, க்ளுக்வான் என்ற ஊர் இருக்கிறது. அவ்வூரில் அண்டங்காக்கைப் பிரிவைச் சேர்ந்த கானஹ்தெய்தி குலத்தாரின் திமிங்கில மனை, டிலிங்கிட் சிற்பத்தின் சிகரம் என்று அறிந்தோர் கருதும் நான்கு தூண்களையும், மழைத்திரை எனப்படும் சித்திரப் பலகைச் சுவரையும் தாங்கி நின்றது. அவற்றோடு அங்கே இருந்த விருந்துத் தொட்டி, மரப்புழுவின் வடிவில் 14 அடிக்கு மேல் நீளமுடையது. ஜூனோ நகரத்துப் புகைப்படக்காரர்களான விண்டரும் பாண்டும் 1895-ஐ ஒட்டி அம்மனையின் உட்புறத்தை எடுத்த படத்தில், சின்னங்களை அணிந்த ஆடவரின் நடுவே அத்தொட்டி நீண்டு கிடப்பதைக் காணலாம்.

புழு எவ்வாறு குலச்சின்னம் ஆயிற்று என்பது பரிதாபமான வரலாறு. பூர்வத்தில் குலத்தலைவன் ஒருவனின் மகள், விறகிலே ஒரு சிறு புழுவைக் கண்டு, அதைத் தனியே எடுத்து வைத்து, தன் முலைப்பாலையே ஊட்டி வளர்த்தாள். புழு வளர்ந்தது, மனைகளின் அடியில் துளைத்துச் சென்று, ஊரார் சேமித்து வைத்த உணவுப் பெட்டிகளையெல்லாம் தின்னத் தொடங்கியது. பெண் அதற்குத் தாலாட்டுப் பாடுவதைக் கேட்ட தாய் உண்மையை அறிந்தாள். பெரியோர் கூடி, அவளை ஒரு சாக்குச் சொல்லி அப்பால் அனுப்பிவிட்டு, புழுவைக் குத்திக் கொன்றனர். திரும்பிவந்தவள் தன் குழந்தையைக் கொன்றார்களே என்று பாடிப் புலம்பி மாண்டாள். அவளுடைய துயரமே அச்சின்னத்துக்குக் குலத்தார் கொடுத்த விலை. ஆதலால் அப்புழுவின் உருவை அவர்களேயன்றிப் பிறர் தம் சின்னமாகக் கொள்ள உரிமையில்லை. ஊராரின் உணவையெல்லாம் தின்ற புழுவின் உடலுக்குள்ளேயே உணவை நிறைத்து, எதிர்ப்பக்கத்தாருக்குத் தந்து மனநிறைவு கண்டார்கள். இப்பாத்திரத்தின் முன்னே நான் மற்றெல்லாக் கிண்ணங்களையும் மறந்துவிடுகிறேன்.

1867-இல் ருஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு வாங்கியபோது, டிலிங்கிட்டாரிடம் எவரும் கேட்கவில்லை. பின்னர் வந்தவை விரைவாக வந்தன. 1882-இல் அமெரிக்கக் கடற்படை அங்கூன் ஊரைப் பீரங்கியால் சுட்டு, மனைகளையும் தோணிகளையும் குளிர்கால உணவையும் அழித்தது. மிஷனரிகள் விருந்தை அஞ்ஞானத்தின் வேர் என்றனர். 1904-ஆம் ஆண்டின் இறுதியில், மிஷனரியாக வந்து கவர்னராகிய ஜான் பிராடியின் தூண்டுதலால், கடைசி விருந்து என்ற பெயரிலே சிட்காவில் ஒரு மாபெரும் கூஈக் நடைபெற்றது. அது கடைசியாகவில்லை என்பது நமக்கு மகிழ்ச்சி. 1915-இல் அலாஸ்கா சட்டசபை இயற்றிய சட்டமோ, குடியுரிமை வேண்டும் பூர்வகுடிகள் தம் குல வழக்கங்களை விட்டுவிட்டதாக ஐந்து வெள்ளையர்களின் சான்று பெற வேண்டும் என்றது. ஒருபுறம் விருந்தைக் கைவிடுமாறு வற்புறுத்தல்; மறுபுறம் விருந்தின் பாத்திரங்களுக்குப் பணத்தோடு வந்து நின்ற அருங்காட்சியகங்கள். கடற்படை லெப்டினன்ட் ஜார்ஜ் எம்மன்ஸ் 1880-களிலிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான பொருள்கள் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் சேர்ந்தன. அவர் குறிப்புகளின்றி நாம் இன்று அறிவது மிகக் குறைந்திருக்கும் என்பதை மறுக்க இயலாது. ஊர்கள் வெறுமையானதையும் மறுக்க இயலாது.

இவ்விரண்டு விசைகளுக்கும் இடையே சிக்கியவர் லூயிஸ் ஷாட்ரிட்ஜ். க்ளுக்வானிற் பிறந்து, 1912 முதல் இருபதாண்டுகள் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பணியாற்றிய டிலிங்கிட் மகன். அவருடைய தந்தையே திமிங்கில மனையின் தலைவராயிருந்தவர். 1922-இல் அம்மனையின் செல்வங்களுக்கு அவர் 3,500 டாலர் தர முன்வந்து, தந்தையின் வாரிசு என்று அமெரிக்கச் சட்டப்படி உரிமையும் கோரினார். ஆனால் தாய்வழியில் அவர் கழுகுப் பிரிவுக் காக்வாந்தான் குலத்தவர். திமிங்கில மனைக்கு அவர் எதிர்ப்பக்கத்தார். மூத்தோர் இணங்கவில்லை. தம் மக்களின் புகழை அழியாமற் காக்கும் வழி அதுவே என்று அவர் மனமார நம்பினார் என்றே நான் கருதுகிறேன். மறுத்த முதியவர்கள் கொண்ட நியாயம் அதனினும் ஆழமானது.

1976-இல் க்ளுக்வான் கிராம சபை, தன் அனுமதியின்றிக் குலப்பொருள் எதையும் ஊரைவிட்டு அகற்றலாகாது என்று விதித்தது. ஆயினும் 1984-இல், குலத்தாருள்ளேயே சிலரின் துணையோடு, நான்கு தூண்களும் மழைத்திரையும் இரவோடிரவாகப் பெயர்க்கப்பட்டு, சியாட்டில் நகரத்து வணிகர் ஒருவரிடம் சென்றன. வழக்கு, அமெரிக்க நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் அலைந்து, முடிவில் கிராமத்தின் சொந்த நீதிமன்றத்துக்கே வந்தது. வயோதிகர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அத்தூவ் என்பது என்ன, அதற்கு யார் பொறுப்பு, விருந்தில் அது எவ்வாறு நிலைபெறுகிறது என்று சாட்சியம் கூறினர். 1993-இல் தீர்ப்பு: அவை குலத்தின் பொதுவுடைமை, விற்க எவருக்கும் உரிமையில்லை, திருப்பித் தரவேண்டும். 1994-இல் அவை க்ளுக்வானுக்கு மீண்டன. குலப் பாரம்பரியப் பொருள்களைத் தனியொருவர் விற்க இயலாது என்ற இதே தத்துவத்தை ஏற்று, 1990-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய மீட்புச் சட்டத்தின் வழியாக வேறு ஊர்களின் உடைமைகளும் வீடு திரும்பத் தொடங்கின. 2016-இல் க்ளுக்வானில் அவ்வூராரே ஒரு பண்பாட்டு நிலையத்தைத் திறந்தனர்.

திரும்பியவற்றிலும் ஒரு துன்பம் உண்டு. பூச்சி அரிக்காதிருக்க வேண்டுமென்று பழைய அருங்காட்சியகங்கள் தம் பொருள்கள் பலவற்றின்மீது ஆர்சனிக் முதலிய நஞ்சுகளைப் பூசின. அவ்விதம் நஞ்சேறிய கிண்ணத்தில் இனி எவரும் எண்ணெய் ஊற்றி உண்ண முடியாது. ஆதலால் பொருள்களைச் சோதித்தே பெற்றுக்கொள்கிறார்கள். உண்ணத் தகாதவற்றைப் பார்வைக்கு மட்டும் விருந்தில் கொண்டுவந்து, பெயர் சொல்லி வணங்குகிறார்கள். சிட்கா போன்ற ஊர்களில் குலத்தாருக்கும் அருங்காட்சியகத்தாருக்கும் உடன்பாடு ஏற்பட்டு, விருந்து நாட்களில் சின்னங்கள் பேழையிலிருந்து வெளியே வந்து மீண்டும் உள்ளே செல்கின்றன. உணவுக்குப் புதிய பாத்திரங்கள் வேண்டும். அவற்றைச் செதுக்கும் வாய்ச்சிகளும் இன்று அக்கரையில் ஓயவில்லை. அந்த விருந்துகளில் தூக்கிப் பிடித்து ஆடப்படும் சில்காட் போர்வைகளை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.